தவளை என்று படிக்கவும்

மூன்றாம் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் வாசிக்கத் தெரியும் என்று பதிவேடு சொன்னது. எதை வாசிக்கத் தெரியும் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக ஒரே ஒரு பருவத்துக்கு வந்தவளுக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது. ஆசிரியர் அறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தற்காலிகம் வந்தாச்சா?", "தற்காலிகத்துக்கு நாற்காலி இருக்கா?" என்றுதான் விசாரித்தார்கள். மூன்று மாதத்தில் போகப்போகிறவளின் பெயரை எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

முதல் பாடவேளையில் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்து, முன்வரிசையில் இருந்த ஒருவனைப் படிக்கச் சொன்னாள். அவன் எழுந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அடுத்தவளும் அப்படியே. ஏழெட்டுப் பேர் இப்படி நின்று தீர்த்த பிறகு வகுப்புத் தலைவிக்கு இரக்கம் வந்தது.

"டீச்சர், நீங்க தப்பான பக்கத்தை எடுத்திருக்கீங்க. இருபத்தேழை எடுங்க."

அவள் பக்கத்தைப் புரட்டி முடிப்பதற்குள் வகுப்பு கிளம்பிவிட்டது. "ஒரு குளம். குளத்தில் ஒரு தவளை. தவளை தாவியது. தண்ணீர் தெறித்தது. தவளை சிரித்தது." நாற்பது வாய், ஒரே குரல். சிலர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, கூட்டல் கணக்குகளின் மேல் விரலை ஓட்டியபடி தவளையைத் தாவ வைத்தான்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பழுத்தவள். அவளிடம் இவள் கேட்டாள்.

"ஏன்க்கா இருபத்தேழு?"

"அதுவா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வாசிப்பு மதிப்பீட்டுப் படிவம்னு ஒண்ணு வந்துச்சு. எப்படி நிரப்பணும்னு காட்ட, 'உதாரணம்: பக்கம் 27'ன்னு போட்டிருந்தாங்க. அடுத்த வருஷம் அச்சடிக்கிறப்போ 'உதாரணம்'ங்கிற வார்த்தைக்கு இடம் பத்தலை."

"யாரும் எடுத்துச் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? படிவம் நல்லாத்தானே நிரம்புது?"

இவள் தலைமையாசிரியரிடம் போனாள். அவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் வாசிப்பைப் பற்றிய பொன்மொழிகள் பன்னிரண்டு இருந்தன. அந்தப் பருவத்துக்கே 'வாசிப்பு மேம்பாட்டுப் பருவம்' என்று பெயர். கால அட்டவணையில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்குவரை வாசிப்பு மேம்பாடுதான் நிரம்பியிருந்தது. வாசிப்புக்குத்தான் நேரம் இல்லை.

"சார், குழந்தைங்க புத்தகம் படிக்கிறதுக்கு எந்த பீரியட்?"

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சொற்பொழிவுக்கு முன்னால் அவர் அதைக் கழற்றுவது வழக்கம்.

"பாருங்கம்மா. வாசிப்புங்கிறது ஒரு விளைவு. விளைவுக்கு பீரியட் ஒதுக்க முடியாது. செயல்பாட்டுக்குத்தான் ஒதுக்க முடியும். குழந்தை உக்காந்து புத்தகம் படிச்சா என்ன தெரியும்? குழந்தை சும்மா உக்காந்திருக்கிற மாதிரித்தான் போட்டோவுல தெரியும். அதை மேலிடத்துக்கு அனுப்பினா, பள்ளிக்கூடத்துல எதுவுமே நடக்கலைன்னு நினைப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். தற்காலிகங்களுக்கு அது ஒன்றுதான் அனுமதிக்கப்பட்ட செயல்பாடு.

முதல் வாரம் 'வாசிப்பு மலர்'. குழந்தைகள் வண்ணத்தாளை இதழ் இதழாக வெட்ட வேண்டும். பதினொரு மணிக்குள் புகைப்படம் செயலியில் ஏற வேண்டும். ஒவ்வொரு படத்திலும் குறைந்தது ஏழு குழந்தைகள் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வகுப்பில் பல் விழுந்த வாய்களே அதிகம். பல் முழுதாக இருந்த ஏழு பேரைப் பொறுக்கி எடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து அந்த ஏழு பேரும் வகுப்பின் சிறந்த மாணவர்கள் ஆனார்கள். படம் ஏறியதும் தலைமையாசிரியர் வாசலில் வந்து, "போதும்மா, முடிஞ்சுது, பெருக்கச் சொல்லிடுங்க" என்றார். குழந்தைகள் மூன்றாவது இதழின் பாதியில் கத்தரிக்கோலை வைத்தார்கள்.

இரண்டாம் வாரம் 'வாசிப்பு மூலை'. வகுப்பின் ஒரு மூலையில் பாய் விரித்து, அறுபது கதைப் புத்தகங்களை அடுக்கி, நாடா கட்டித் திறந்து வைத்தார்கள். திறந்த பிறகு நாடாவை மறுபடி கட்டினார்கள். கை பட்டால் அட்டை மங்கிவிடும். சாவி தலைமையாசிரியரிடம். நாடாவுக்குச் சாவி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் கொஞ்சம் தேறியிருந்தாள்.

மூன்றாம் வாரம் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அம்மாவுக்குத் துணி தேய்க்கும் கடையில் புதிதாக வேலை. வீடு மாறி, பள்ளி மாறி வந்தவள். அவள் தம்பி ஒன்றாம் வகுப்பில். எதைக் கேட்டாலும் சற்று நேரம் கழித்துத்தான் பதில் சொல்வாள். வகுப்பு இரண்டே நாளில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்துவிட்டது. எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்கத் தெரியாது. இருபத்தேழாம் பக்கமும் தெரியாது. நாற்பத்தொன்றாவது ஆள்.

"தவளையை நாலு நாள் சொல்லிக் குடு, வந்துரும்" என்றாள் பக்கத்து வகுப்பு ஆசிரியை.

இவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளியில் தவளை தெரியாத ஒரே குழந்தை. சுத்தமான பலகை மாதிரி இருந்தது. அம்மா கடையிலிருந்து வர ஐந்தரை ஆகும். அதுவரை அக்காவும் தம்பியும் வராந்தா பெஞ்சில் காத்திருப்பார்கள். தம்பி தூணுக்குத் தூண் ஓடிக்கொண்டிருப்பான். ஆசிரியையும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கதைப் புத்தகம் நாடாவுக்குள் இருந்ததால் சோப்பு உறை, தீப்பெட்டி அட்டை, பேருந்துச் சீட்டு, மருந்துக்கடை உறை என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்தாள். சிறுமி ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுவிட்டு, நெடுநேரம் சும்மா இருப்பாள். அந்த மௌனத்தைக் கலைக்காமல் இருக்க ஆசிரியை பழகிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து வந்து இன்னொன்றோடு ஒட்டுவது முகத்தில் தெரியும். பிறகு சொல் வரும். நாளெல்லாம் இதழ் வெட்டியவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தான் ஒரு ஆசிரியை என்பதை நினைவுபடுத்தியது. இது எந்தச் செயலியிலும் ஏறவில்லை.

ஏழாம் வாரம் 'வாசிப்புப் பேரணி'. ஆளுக்கொரு அட்டை ஏந்தி, தெருவைச் சுற்றி வர வேண்டும். முப்பது அட்டைதான் எழுதி வந்திருந்தது. மீதிப் பேர் வெறுங்கையோடு நின்றால் படம் ஓட்டையாக இருக்கும் என்று தலைமையாசிரியர் வராந்தாவிலும் கழிவறைப் பக்கமும் மாட்டியிருந்த பலகைகளைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். "தூரத்துல இருந்து பாத்தா எல்லாம் எழுத்துதானே!"

பேரணி கிளம்பியது. தலைமையாசிரியர் "வாசிப்பே..." என்பார். குழந்தைகள் "வாழ்வு!" என்பார்கள். பாதித் தெரு போன பிறகு நத்தை வரிசையிலிருந்து விலகி ஆசிரியையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், என்னோடதுல வாசிப்பே வாழ்வுன்னு இல்லை."

"பின்ன?"

சற்று நேரம் பலகையைப் பார்த்தாள். "கை... கழுவும்... இடம்."

அப்படித்தான் இருந்தது. ஆசிரியை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பேரணியில் நாற்பத்தொரு குழந்தைகள் எழுத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது நத்தை ஒருத்திதான். பேரணிப் படத்துக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. 'எழுத்தோடு நடக்கும் பிஞ்சுகள்' என்று தலைப்பும் போட்டிருந்தார்கள்.

பருவக் கடைசியில் மதிப்பீடு. அதில் தேறாத குழந்தை 'அடித்தள வலுவூட்டல்' என்ற பெயரில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இதை முதலில் கேள்விப்பட்டவன் தம்பி.

"அக்கா, நீ என் பெஞ்சுக்கு வரப்போறியாமே? ஓரத்துல நான்தான் உக்காருவேன். நீ நடுவுல."

நத்தை அன்று சோப்பு உறையைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "நான் வரமாட்டேன் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்" என்றாள்.

"நீ தேறிடுவே. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்றாள் ஆசிரியை. அதை முழுதாக நம்பிச் சொன்னாள்.

மதிப்பீட்டு நாள் காலையில் புதுப் புத்தகங்கள் கொடுத்தார்கள். அவை ஐந்தாம் வாரமே வந்தவை. வழங்கும் விழா நடத்தி, படம் எடுத்து, திரும்ப வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். மதிப்பீட்டுப் படத்தில் புத்தகம் புதிதாகத் தெரிய வேண்டுமே! அதே அட்டை, அதே எடை. இருபத்தேழாம் பக்கத்தில் அதே குளம், கரையில் தவளை என்று வரைந்திருந்த அதே பச்சைக் குமிழ்.

வாசிப்பு வளர்ச்சி அலுவலர் ஒரு உதவியாளரோடு வந்தார். கோப்பில் இருபத்தேழாம் பக்கத்தின் நகலைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் நகலைப் பார்த்தார், குழந்தைகள் அவரைப் பார்த்தார்கள். தவளை நாற்பது முறை தாவியது. நாற்பது முறை தண்ணீர் தெறித்தது. அலுவலர் நாற்பது கட்டத்தில் சரி போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

நாற்பத்தொன்றாவதாக நத்தை வந்தாள். புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து, முதல் எழுத்தில் விரலை ஊன்றினாள்.

"ஒரு... குளம். குளத்தின்... கரையில்... ஓர்... ஆமை."

"தவளை" என்றார் அலுவலர்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கே உரிய இடைவெளிக்குப் பிறகு சொன்னாள்: "ஆமை."

"நல்லாப் பாரும்மா, பயப்படாதே."

"ஆ. மை."

அலுவலர் நல்ல மனிதர். குரலில் கனிவு வந்தது. "பாப்பா, உனக்கு முன்னாடி நாப்பது பேர் தவளைன்னு படிச்சிட்டுப் போயிருக்காங்க. நாப்பது பேரும் பொய் சொல்வாங்களா? யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அதுதான் அவள் வழக்கம். யோசித்துவிட்டு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "ஆமை... நடந்தது. தண்ணீர்... அசையவில்லை."

ஆசிரியை ஓரடி முன்னால் வந்தாள். "சார், புத்தகத்துல ஆமைதான் போட்டிருக்கு."

அலுவலர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தலைமையாசிரியர் பார்த்தார். உதவியாளர் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்தவராகச் சொன்னார்: "ஆமா சார், இந்த வருஷம் பாடநூல் குழுவில மாத்திட்டாங்க. தவளை தாவுறதைப் படிச்சிட்டுக் குழந்தைங்க தண்ணியில குதிச்சிரும்னு ஒரு உறுப்பினர் சொன்னாராம். எட்டு மாசம் பேசி ஆமை போட்டாங்க. படத்தை மாத்த நேரம் இல்லை. தவளைன்னும் வெச்சுக்கலாம், ஆமைன்னும் வெச்சுக்கலாம்."

"அப்போ இந்தப் பொண்ணு படிச்சது சரிதானே சார்?" என்றாள் ஆசிரியை.

அலுவலர் பேனாவை மூடினார்.

"நிதானமா யோசிங்கம்மா. புத்தகம் மாறியிருக்கு, ஒத்துக்கிறேன். படிவம் மாறலையே? படிவத்துல 'தவளை' தெளிவா உச்சரிக்கிறாரான்னு கேட்டிருக்கு. நாப்பது பேருக்குச் சரி போட்டாச்சு. இந்தப் பொண்ணு சரின்னா நாப்பது பேரும் தப்பு. நாப்பது பேரும் தப்புன்னா இந்தப் பள்ளிக்கூடம் தப்பு. நான் இந்த மாசம் பாத்த பள்ளிக்கூடம் அறுபத்து மூணு. அத்தனையும் தப்பு. அப்போ வாசிப்பு மேம்பாட்டுப் பருவமே நடக்கலைன்னு ஆயிடும். நடந்ததுக்கு ஆயிரக்கணக்குல படம் இருக்கு. ஒரு குழந்தை படிச்சிருச்சுங்கிறதுக்காக இத்தனை பெரிய தப்பை நாம பண்ணலாமா?"

தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு தெளிவாச் சொல்லிட்டீங்க சார்" என்றார்.

நாற்பத்தொன்றாவது கட்டத்தில் பெருக்கல் குறி விழுந்தது. குறிப்பு என்ற இடத்தில் அலுவலர் தம் கையால் எழுதினார்: 'தவளையை ஆமை என வாசிக்கிறார். கண் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பத்து நாளில் மறுமதிப்பீடு.'

அம்மா ஒரு நாள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுச் சிறுமியைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மறுநாள் மாலை சான்றிதழோடு வந்தாள். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, "கண்ணு நல்லா இருந்தா இன்னும் கவலைக்கிடம்தான்" என்றார்.

அம்மா வராந்தாவுக்கு வந்து ஆசிரியையின் எதிரில் நின்றாள். விரல் நுனிகளில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புகள்.

"டீச்சர், அங்க என்னதான் இருக்கு? ஆமையா, தவளையா?"

"ஆமைதான். உங்க பொண்ணு படிச்சது சரி. இந்தப் பள்ளிக்கூடத்துலயே அவ ஒருத்திதான் படிச்சா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மகளின் மௌனம் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியைக்குப் புரிந்தது.

"ஆமையா இருந்தா என்ன, தவளையா இருந்தா என்ன? ரெண்டும் எனக்குச் சோறு போடப்போறதில்லை. தம்பி பக்கத்துல உக்கார வெச்சா இவ நாளைக்கே நின்னுருவா. பிடிவாதக்காரி. அப்புறம் எங்கூடக் கடையில நின்னு துணி மடிப்பா. தவளைன்னு சொல்லச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாத்தான் கேப்பா."

வந்த வாரமே தவளையை ஊட்டியிருந்தால் இந்தப் பெண் இந்நேரம் நிம்மதியாகத் தேறியிருப்பாள். படிக்கச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று ஆசிரியை நினைத்தாள். அப்படி நினைக்கும் இடத்துக்குத் தான் வந்து சேர்ந்ததை நினைத்தபோது வாயெல்லாம் கசந்தது.

மீதி நாட்கள் முழுவதும் பயிற்சி நடந்தது. சிறுமி ஐந்து வாக்கியத்தையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். புத்தகத்தைத் திறந்தால்தான் தகராறு. 'குளத்தில் ஒரு' வரைக்கும் வந்து நின்றுவிடுவாள். கண் ஆமையில் போய் மாட்டிக்கொள்ளும்.

"வர மாட்டேங்குது டீச்சர். அது ஆமைன்னு சொல்லுது."

"அதைக் கவனிக்காதே."

"எப்படிக் கவனிக்காம இருக்கிறது? கண்ணை மூடிக்கட்டுமா?"

மூடக்கூடாது. கண் புத்தகத்தில் இருக்க வேண்டும், விரல் வரியில் ஓட வேண்டும். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருந்தது. ஆசிரியை வெகுநேரம் யோசித்தாள். ஆசிரியப் பயிற்சியில் இதற்கு வழி சொல்லித்தரவில்லை. கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"எழுத்தைப் பாக்காதேம்மா. எழுத்துக்கு நடுவுல வெள்ளையா இருக்கு பாரு, அதை மட்டும் பாத்துக்கிட்டே போ."

சிறுமி வெள்ளையைப் பார்த்தாள். முதலில் வரவில்லை. எழுத்து ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. நான்காம் நாள் பழகிவிட்டது. எழுத்துகள் எல்லாம் மங்கிப் பின்னால் போய், வெள்ளை மட்டும் நின்றது. அவள் குரல் மற்ற நாற்பது குரலின் ராகத்துக்கு வந்திருந்தது. வார்த்தைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி போய்விட்டது.

மறுமதிப்பீட்டில் அவள் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ஆமையின் மேல் விரல் ஓட, தவளை தாவியது. 'தண்ணீர் அசையவில்லை' என்ற வரியின் மேல் தண்ணீர் தெறித்தது. அலுவலர் கைதட்டினார்.

"பாத்தீங்களா? பத்தே நாள்! எந்தக் குழந்தையும் மக்கு இல்லைம்மா. நாமதான் பொறுமையாச் சொல்லிக் குடுக்கணும்."

'சரளமான வாசிப்பாளர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில், வாசிக்கவே தெரியாமல் வந்த ஒரு குழந்தையைப் பள்ளி எப்படி மீட்டது என்று இருபது நிமிடம் பேசினார். சிறுமிக்கு முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. அதனால் படத்தில் முன்வரிசை கிடைத்தது. பரிசாகப் புதுப் புத்தகத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

பருவத்தின் கடைசி நாள். ஆசிரியை தன் பொருட்களை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சுக்கு வந்தாள். சிறுமி புத்தகத்தை மடியில் வைத்து இருபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்திருந்தாள். விரலை வைக்கவில்லை. ஆசிரியை வந்து உட்கார்ந்தும் நிமிரவில்லை.

"டீச்சர், இந்தப் பக்கத்துக்கு யாரும் எதுவும் சொல்லலையே. இதுல இருக்கிறதையே படிக்கலாமா?"

"படிக்கலாம்மா. இருக்கிறதைத்தான் படிக்கணும்" என்றாள் ஆசிரியை. சொல்லும்போது தலைமையாசிரியர் அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலும் தாழ்ந்திருந்தது.

சிறுமி அவளைப் பார்த்தாள். பிறகு அவள் பார்த்த கதவைப் பார்த்தாள். சற்று நேரம் யோசித்தாள். பெஞ்சில் நகர்ந்து கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டு, முதல் எழுத்தில் விரலை ஊன்றினாள். உதடுகள் அசைந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியைக்கே ஒன்றும் கேட்கவில்லை.